அன்னை மாண்டிசோரியும் நம் ஊர்ப் பால்வாடியும்

கொள்ளிடக் கரையோரம் இருக்கும் ஏலாக்குறிச்சிக்கு நம்மில் பலர் குடும்பத்தோடு போய் வந்திருப்போம். அடைக்கல மாதாவின் திருத்தலத்தில் கால் வைக்கும்போதெல்லாம், இத்தாலி நாட்டில் பிறந்து நம் மண்ணில் தமிழோடு தமிழாய்க் கலந்துவிட்ட வீரமாமுனிவரை நினைத்துக்கொள்கிறோம். எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் எழுத்திலே பிரித்துக் காட்டியவர் என்று அவரைப் போற்றுகிறோம். தமிழ்க் குழந்தை தடுமாறாமல் படிக்க அவர் செய்த உதவி அது.

அவர் மறைந்து ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பின், அதே இத்தாலியிலிருந்து இன்னொருவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. சில மாதங்கள் தங்க வந்தவர், ஆண்டுக்கணக்கில் தங்கும்படி ஆயிற்று. முன்னவர் எழுத்தைச் சீர்செய்தார் என்றால், இவர் அந்த எழுத்தைக் குழந்தையின் விரல் நுனிக்கே கொண்டுவந்தார். அவர்தாம் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அந்தப் பெயரை இன்று நகரத்துப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் பார்க்கிறோம். அதிகக் கட்டணம் வாங்கும் பள்ளி என்றே பலர் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். ஆனால் அம்மையார் தொடங்கிய முதல் பள்ளியில் கட்டணமே கிடையாது. அங்கே படித்தவர்கள் கூலி வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள். ஆகையால் அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது, நம் தெருக்கோடியில் இருக்கும் பால்வாடியைத் தெரிந்துகொள்வதும் ஆகும். அது எப்படி என்று காண்போம்.

பிறப்பும் படிப்பும்

1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், இத்தாலியில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் மரியா பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர், கண்டிப்பானவர். தாய் ரெனில்டே நன்கு படித்தவர். மகள் இன்னும் மேலாகப் படிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டவர். மரியா சிறுமியாக இருக்கும்போதே குடும்பம் உரோமாபுரியில் குடியேறியது.

அக்காலத்தில் பெண்கள் படித்தால் ஆசிரியை வேலைக்குப் போகலாம். அதற்கு மேல் வழியில்லை. மரியாவோ ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து கணிதம் படித்தார். பொறியாளர் ஆக வேண்டுமென்று முதலில் எண்ணியவர், பிறகு மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று நின்றார். தந்தைக்கு அதில் விருப்பமே இல்லை. கல்லூரியிலும் எத்தனையோ தடைகள். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்று சொல்லி, மற்றவர் எல்லாரும் போன பின் தனியே அந்த வேலையைச் செய்யும்படி விட்டார்கள். ஆளில்லாத அறையில், பிணங்களுக்கு நடுவே, ஓர் இளம்பெண் பாடம் படித்தார்! 1896இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றபோது, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவர் ஆனார். அதே ஆண்டில் பெர்லின் நகரில் கூடிய பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் பேசினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும் என்பதே அவர் அங்கு எடுத்துச் சொன்ன பொருள்.

ரொட்டித் துணுக்கு கற்பித்த பாடம்

பட்டம் பெற்ற மரியா, உரோமாபுரியின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்த காலம் அது. அவ்விடங்களில் ஒன்றில் அவர் கண்ட காட்சியை வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண், பெருந்தீனிப் பிள்ளைகள் என்று அருவருப்போடு பேசினாள். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க, கையில் வைத்து உருட்ட, ஒரு பொருள்கூட அங்கே இல்லை. அந்தப் பசி வயிற்றுப் பசி அன்று, கைகளின் பசி என்று அவருக்கு விளங்கிற்று.

இத்தார், செகான் என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர் எழுதி வைத்ததைத் தேடிப் படித்தார். பிள்ளைகள் தொட்டும் அடுக்கியும் கற்கக்கூடிய பொருள்களைச் செய்வித்தார். ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அப்பிள்ளைகளுள் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையையே எழுதித் தேறினார்கள். எல்லாரும் வியந்து பாராட்டினார்கள். மரியா மட்டும் வேறொன்றை நினைத்துக் கவலைப்பட்டார். குறையுள்ள பிள்ளைகள் இவ்வளவு தூரம் வர முடியுமானால், குறையில்லாத பிள்ளைகள் இன்னும் எவ்வளவோ தூரம் போயிருக்க வேண்டுமே, அவர்களைத் தடுத்து வைத்திருப்பது எது என்பதே அவருடைய கேள்வி.

இந்தக் காலத்தில்தான் அவர் வாழ்வில் ஒரு துயரமும் நேர்ந்தது. 1898இல் அவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் ஆகாத நிலையில் பிறந்த குழந்தை. அக்காலச் சமுதாயம் அப்படிப்பட்ட தாயை மன்னித்திராது. அவர் பணியும் அன்றோடு முடிந்திருக்கும். ஆகவே குழந்தை வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. தாய் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார்; தாய் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மகன் 15 வயதை எட்டும் தறுவாயில்தான் இருவரும் ஒன்று சேர்ந்தார்கள். அந்த மனப்புண்ணை நாம் அளந்து பார்க்க வேண்டாம். தன் குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாத தாயின் வேதனை அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அன்று என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

மூன்று இராசாக்கள் திருநாளில் திறந்த வீடு

உரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைகள் குடியிருந்த பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் பெரிய குடியிருப்புகளைப் பழுது பார்த்துத் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்டது. தாயும் தந்தையும் விடிந்ததும் வேலைக்குப் போவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். பள்ளி வயது ஆகாத சிறுவர்களோ நாள் முழுவதும் மாடிப்படியிலே ஓடுவதும், புதிதாக வெள்ளையடித்த சுவரிலே கிறுக்குவதுமாக இருந்தார்கள். சுவரைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வதைவிட, ஓர் அறையில் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் போடுவது செலவு குறைவு என்று நிறுவனத்தார் கணக்குப் போட்டார்கள். அந்தப் பொறுப்பு மரியாவிடம் வந்தது.

ஆக, உலகப் புகழ் பெற்ற அந்தப் பள்ளி சுவரைக் காப்பாற்றவே பிறந்தது! அதைக் குழந்தையைக் காப்பாற்றும் இடமாக மாற்றியதுதான் அம்மையாரின் பெருமை.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. 3 முதல் 7 வயது வரையுள்ள ஏறக்குறைய 50 பிள்ளைகள் வந்தார்கள். பலர் அழுதுகொண்டும் மிரண்டுகொண்டும் நின்றார்கள். பெற்றோர் கட்டணம் ஏதும் தர வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமாக அனுப்ப வேண்டும். வாரம் ஒரு முறையேனும் தாய் வந்து ஆசிரியையிடம் பேச வேண்டும். ஆசிரியையும் அதே குடியிருப்பிலேயே குடியிருந்தார். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பள்ளி, கதவைத் தட்டினால் ஆசிரியை. வேலைக்குப் போகும் தாய்க்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அங்கே நடந்தவை இன்றும் கேட்க இனிமையானவை. ஒரு நாள் அம்மையார் பிள்ளைகளுக்கு மூக்கைச் சிந்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். கைக்குட்டையை எடுத்து, சத்தம் வராமல், பிறர் பார்க்காதவாறு எப்படித் துடைப்பது என்று செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று அதுவரை எல்லாரும் அவர்களைத் திட்டியிருக்கிறார்கள். அமைதியாக உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவர் ஒருவரும் இல்லை.

இன்னொரு நாள் ஆசிரியை தாமதமாக வந்தார். பொருள்கள் இருந்த அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். வந்து பார்த்தால், பிள்ளைகள் தாங்களே வேண்டியதை எடுத்துக்கொண்டு வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். திருட்டு என்று ஆசிரியை நினைத்தார். அம்மையாரோ, தமக்கு வேண்டியது எது என்று பிள்ளைகளுக்கே தெரிகிறது என்று கண்டுகொண்டார். அதன் பின் பூட்டும் உயரமான அலமாரியும் போய், பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகள் வந்தன.

எழுத்தும் அப்படியே வந்தது. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அவற்றின்மேல் விரலை ஓட்டி, எழுத்தின் ஒலியைச் சொல்லிப் பழகினார்கள். ஒரு குளிர்கால நாளில் மொட்டை மாடியில் விளையாடும்போது, 5 வயதுப் பையன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார் அம்மையார். வரைந்து முடித்த பையன், தன்னால் எழுத முடிகிறது என்று திடீரெனக் கூவினான். குனிந்து தரையில் கை என்று எழுதினான். பிறகு புகைபோக்கி என்றும், கூரை என்றும் எழுதினான். மற்றப் பிள்ளைகளும் சுண்ணக்கட்டி கேட்டு ஓடிவந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள்!

புகழும் அலைச்சலும்

செய்தி நாடெங்கும் பரவியது. 1908 டிசம்பர் 28ஆம் நாள் மெசினா நகரை நிலநடுக்கம் அழித்தபோது, பெற்றோரை இழந்த குழந்தைகள் பலர் உரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மரியாயின் பிரான்சிஸ்கன் மிஷனரி கன்னியர் அவர்களைத் தங்கள் மடத்தில் ஏற்றுக்கொண்டு, அம்மையாரின் முறைப்படி வளர்த்தார்கள். பேச்சையும் சிரிப்பையும் மறந்திருந்த குழந்தைகள் மெல்ல மெல்ல உயிர் பெற்றார்கள். 1877இல் தொடங்கிய அந்தச் சபையின் வேர் நம் உதகமண்டலத்தில் இருக்கிறது என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

1909இல் அம்மையாரின் முதல் நூல் வெளிவந்தது. பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அவரைத் தேடி வந்தார்கள். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, குழந்தைகளின் பணிக்கே தம்மை ஒப்படைத்தார். ஆனால் ஆட்சியாளர்கள் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. முசோலினி முதலில் அவருக்கு ஆதரவு கொடுத்தார். தாமே சிந்திக்கும் குழந்தை சர்வாதிகாரிக்குப் பயன்படாது என்று தெரிந்த பின், 1934இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் அதே கதி. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது பார்சலோனாவையும் விட்டு வெளியேறினார்.

நம் நாட்டில் அம்மையார்

1939இல் சென்னை அடையாற்றிலிருந்து பிரம்ம ஞான சபையின் தலைவர் அருண்டேல் விடுத்த அழைப்பை ஏற்று, அம்மையார் மாரியோவுடன் இந்தியாவுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் ஏறக்குறைய 300 பேர் படிக்க வந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கிற்று. இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயருக்கு இத்தாலியர் எல்லாரும் பகைவர் ஆனார்கள். மாரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாற்றை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவாயிற்று. மீண்டும் மகனைப் பிரிந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவருக்கு 70 வயது நிறைந்தது. அன்று வைசிராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. அதுவரை உறவினன் என்றோ வளர்ப்பு மகன் என்றோ பிறர் சொல்லி வந்த மாரியோ, அந்தத் தந்தியில் மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தார். 42 ஆண்டுகள் வெளியே சொல்லாத உறவு, நம் சென்னையிலே வெளிச்சத்துக்கு வந்தது!

பின்பு கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கி, பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்கும் சிறு பள்ளியை நடத்தினார். இலங்கைக்கும் சென்று ஆசிரியர்களைப் பயிற்றினார். இந்தியத் தாய்மார் குழந்தையை இடுப்பிலே சுமந்துகொண்டு கடைக்கும் களத்துக்கும் போவதைக் கூர்ந்து கவனித்தார். தாயின் இடுப்பிலிருந்தே குழந்தை உலகத்தையும் மொழியையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது என்று கண்டார். முதல் 6 ஆண்டுகளில் மனிதன் பெறுவது வாழ்நாள் முழுவதற்கும் அடித்தளம் என்ற கருத்தை விரிவாகச் சொல்லும் அவருடைய நூல் 1949இல் சென்னையிலேதான் முதலில் அச்சாயிற்று. 1952 மே 6ஆம் நாள், ஹாலந்து நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றில் 81ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறையில் அவர் உடல் துயில்கிறது.

முற்றத்துக்கு வந்த பள்ளி

அம்மையாரின் முறையைப் படித்த இந்தியருள் தாராபாய் மோடக் ஒருவர். மாண்டிசோரிப் பொருள்களை விலை கொடுத்து வாங்க ஏழைக் கிராமத்தால் முடியாது என்று கண்ட அவர், கூழாங்கல்லையும் சிப்பியையும் இலையையும் கொண்டே பாடம் நடத்தினார். 1945இல் மகாராஷ்டிரக் கடலோரத்தில் போர்டி என்ற ஊரில் பணியைத் தொடங்கினார். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால், பள்ளி பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவர் கொள்கை. முற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே அங்கன்வாடி என்னும் பெயர்.

1975 அக்டோபர் 2ஆம் நாள், மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அங்கன்வாடி நாடறிந்த சொல்லாயிற்று. நம் தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைத்தார். அன்று பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தின் பகுதிகளே. ஆக, அந்த முதல் சோற்று மணம் நம் பக்கத்திலிருந்துதான் எழுந்தது. கிராமங்களில் 2 வயது முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் அத்திட்டத்தில் இடம் உண்டு.

நம் பிள்ளைக்கு உரிய இடங்கள்

பள்ளிக்கு முந்திய வயதுப் பிள்ளைக்கு அரசு செலவில் கிடைக்கும் இடங்கள் இன்று என்னென்ன? பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. சுருக்கமாகச் சொல்வோம்.

முதலாவது, அங்கன்வாடி. நாம் பால்வாடி என்று சொல்லிப் பழகியது இதைத்தான். இது குடும்பத்தின் வருமானம் பார்த்துச் சேர்க்கும் இடம் அன்று. கட்டணமும் இல்லை. பிள்ளைக்குச் சோறும் முட்டையும் மட்டுமன்றி, எடை பார்த்தல், தடுப்பூசிக்கு வழி செய்தல், பாட்டு, கதை, விளையாட்டு வழியான பாடம் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். கருவுற்ற தாய்க்கும் கைக்குழந்தைக்கும் சத்துமாவும் இங்கிருந்தே கிடைக்கிறது.

இரண்டாவது, அரசு எல்.கே.ஜி. 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது.

மூன்றாவது, தனியார் பள்ளியில் அரசு செலவில் ஓர் இடம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சிறுபான்மையினருடையதல்லாத தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். நுழைவு வகுப்பு எல்.கே.ஜி. என்றால், எல்.கே.ஜி.யிலேயே அந்த இடம் உண்டு. பிள்ளையின் கட்டணத்தை அரசு பள்ளிக்கு ஈடு செய்கிறது. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் குலுக்கல் நடக்கும். இந்த உரிமை 8ஆம் வகுப்பு வரைதான். அதற்குப் பின் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் பெற்றோர் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது. பிறப்புச் சான்றையும் இருப்பிட, வருமான, சாதிச் சான்றுகளையும் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டு, அறிவிப்பு வரும் நாளை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பள்ளியைப் போன்ற சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்த 25 விழுக்காடு விதி பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் நம்மை விட்டுவிட்டது. ஆனால் சான் லொரென்சோவின் மாடிப்படியில் நின்ற குழந்தை நம்மை விடுகிறதா? ஏழைக் குழந்தைக்கு நம் வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஆண்டுதோறும் நம்மை நாமே கேட்டுக்கொள்வது, சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதைவிட மேலானதன்றோ?

அக்காவின் பள்ளி நாள்

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் எடுக்கும் காலத்திலும், மக்காச்சோளம் ஒடிக்கும் காலத்திலும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி பொறுக்கும் காலத்திலும், எந்தப் பள்ளியிலும் வகுப்பில் சில இடங்கள் காலியாக இருக்கும். அம்மா வேலைக்குப் போய்விட்டார். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு 10 வயதுதான் ஆகியிருக்கும். தம்பிக்குப் பால்வாடியில் ஓர் இடம் என்றால், அக்காவுக்கு வகுப்பில் ஓர் இடம் என்று பொருள். ஒரே கதவு திறந்தால் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஆனால் நாம் அந்தப் பால்வாடியை எப்படிப் பார்க்கிறோம்? சோறு போடும் இடம், வேறு வழியில்லாதவர்கள் பிள்ளையை விடும் இடம் என்று ஏளனமாகப் பேசுகிறோம். கடன் வாங்கியாவது வேன் வரும் பள்ளிக்கு அனுப்புவதைக் கௌரவம் என்று எண்ணுகிறோம். பிள்ளையை வேனில் அனுப்ப வசதியுள்ளவர் அனுப்பட்டும். அதில் குற்றம் இல்லை. ஆனால் 3 வயதுப் பிள்ளைக்கு வேண்டியவை எவை என்று அம்மையாரின் முதல் இல்லம் காட்டிவிட்டது. வீட்டுக்கு அருகில் ஓர் இடம், கைக்கு வேலை, திட்டாமல் கற்றுக்கொடுக்கும் ஒருவர், வாரம் ஒரு முறை வந்து பேசும் தாய். இவற்றுள் முதலாவதை அரசு கொடுத்திருக்கிறது. இரண்டாவதற்குக் கூழாங்கல்லே போதும் என்று தாராபாய் காட்டினார். மூன்றாவது, பால்வாடி டீச்சரின் மனத்தைப் பொறுத்தது. நான்காவது நம் கையில்தான் இருக்கிறது.

பெற்றோரே, பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்காருங்கள். இன்று என்ன பாட்டு, பிள்ளையின் எடை எவ்வளவு என்று கேளுங்கள். கூரை ஒழுகினால், டீச்சர் இல்லாமல் மையம் பூட்டிக் கிடந்தால், கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள். கேட்பார் இருக்கும் இடமே ஒழுங்காக நடக்கும்.

மாணவியரே, உங்கள் தம்பி தங்கையின் பால்வாடிக்கு விடுமுறை நாட்களுக்கு முன்போ பின்போ ஒரு முறை போய் வாருங்கள். பழைய அட்டைகளில் எழுத்துகளை வெட்டி, மணலைப் பசையால் ஒட்டி எடுத்துச் செல்லுங்கள். உப்புத்தாள்கூட வேண்டாம், கொள்ளிடத்து மணல் போதும். அந்த மணல் எழுத்தின்மேல் ஒரு சின்ன விரல் ஊர்ந்து போவதைப் பாருங்கள். ஏகாரத்துக்கும் எகரத்துக்கும் வேறுபாட்டைச் சொல்லிக் கொடுங்கள். இத்தாலியிலிருந்து வந்த இருவரும் நமக்குச் செய்த உதவிக்கு, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அந்தச் சிறு உதவியே தகுந்த நன்றியாகும்.